எலுமிச்சம்பழத்தை விசாரித்தவர்

தன் நிழல் எதற்காகத் தன் பின்னாலேயே வருகிறது என்று திரும்பித் திரும்பிப் பார்க்கும் ஆள் பேராக் மாநிலத்திலேயே ஒருவர்தான். ஈப்போவில் எங்கள் தெருவில் கிரேன் வைத்திருக்கும் 'சந்தேகம்' அண்ணன். சொந்தப் பெயரைக் கேட்டால், "எதுக்குக் கேக்குற?" என்பார். ரொட்டி சானாய் வந்தால் பிரித்து உள்ளே பார்ப்பார். உள்ளே ஒன்றும் இல்லையென்றால் சந்தேகம் இன்னும் கூடிவிடும்.

காம்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். அங்கிருந்த அம்மன் சிலையை ஈப்போவில் எங்கள் புதுக் கோயிலுக்குக் கொண்டுவர வேண்டும். முதல் நாளே பெட்டியில் வைத்து முருகேசுவின் லோரியில் ஏற்றியாயிற்று. இரவுக் காவலுக்கு அவன் மட்டும்தான். காலையில் கோயில் கமிட்டிக்காரர்கள் நாங்கள் தோட்டத்திலேயே பசியாறிக்கொண்டிருந்தபோது "ஐயோ!" என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் லோரியைக் காணோம். பின்னாலிருந்த பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் குமிழிகள்தான் வந்துகொண்டிருந்தன.

"ஹேன்பிரேக் லோங்கார் அண்ணே, பிடிக்காது. எப்பவும் பின் டயருக்குக் கல்லு வெப்பேன்" என்று முருகேசு அழுதான். "கெளம்பலாம்னு கல்லை எடுத்துட்டு, முன் டயருக்கு எலுமிச்சம்பழம் வெச்சேன். கற்பூரம் எடுக்கத் திரும்புனேன், லோரி பின்னாலயே போயிருச்சு!"

கோயில் தலைவர் நம்பவில்லை. "ராத்திரியே சிலையை வித்துட்டு, வெறும் லோரிய தள்ளி விட்டுட்டான். போலீஸ் ரிப்போர்ட் போடலாம் லா."

முருகேசுவுக்கு முகம் செத்துவிட்டது. அம்மன் மேலே வராவிட்டால் ஆயுசுக்கும் அவன் சாமி திருடன்.

சந்தேகம் கிரேனோடு வந்தார். குட்டையைப் பார்க்கவே இல்லை. குத்துக்காலிட்டு எலுமிச்சம்பழத்தை எடுத்து முகர்ந்தார்.

"லோரி போயிருச்சு. பழம் ஏன் நசுங்கல?"

"பின்னால போச்சு அண்ணே!"

"ம்... அப்படித்தான் நானும் சந்தேகப்பட்டேன்." பழத்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு தலைவரை முறைத்தார். "நீங்க ஏன் இவ்ளோ வேர்க்குறீங்க?"

ஆள் இறக்கி, கம்பி மாட்டி, லோரியைத் தூக்கினார். சேறு ஒழுக ஒழுக வந்தது. பின்பலகை உடைந்து, உள்ளே காலி.

தலைவர் போனை எடுத்தார். முருகேசு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் எனக்கும் அவன் மேல் சந்தேகம் வந்தது.

"போனை உள்ள வைங்க தலைவரே" என்றார் சந்தேகம். "நான் அவனையும் நம்பல, உங்களையும் நம்பல. மொதல்ல தண்ணிய விசாரிப்போம்."

சட்டையைக் கழற்றி இடுப்பில் கயிறு கட்டினார். மறுமுனையைப் பிடிக்க நான் கையை நீட்டினேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அதைக் கிரேனில் கட்டினார். முங்கினார், எழுந்தார், திட்டினார், மறுபடி முங்கினார். கடைசியில் கையை ஆட்ட, கிரேனில் இருந்த அவருடைய ஆள் கம்பியை இறக்கி ஏற்றினான். உடைந்த பெட்டிக்குள் சேறு பூசிய முகத்தோடு அம்மன் வந்தாள். தலைவரே "தாயே!" என்று கும்பிட்டுவிட்டார்.

முருகேசு ஓடிவந்து சந்தேகம் அண்ணனின் காலைப் பிடித்தான்.

"காலை விடுடா! என் சிலிப்பரை எங்க வெச்ச?"

முருகேசு மறுநாளே பிரேக்கைச் சரிசெய்துவிட்டான். ஆனாலும் அவன் எங்கள் தெருவில் லோரியை நிறுத்தினால், திரும்பி வருவதற்குள் பின் டயருக்கு ஒரு கல் வைக்கப்பட்டிருக்கும். வைத்தது யார் என்று அவன் கேட்பதில்லை.

நேற்று என் காருக்கும் ஒரு கல் இருந்தது. என்னையும் அவர் நம்பவில்லை என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.