என் மகன் ஆரோக்கியமானவன் என்று உங்கள் தங்கை சொல்ல வேண்டும்

லாஸ்பேட்டை,
புதுச்சேரி.

மதிப்பிற்குரிய மச்சான் ஹரிகிருஷ்ணன் அவர்களுக்கு,

பலராமன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அங்கு எப்படி என்று கேட்பது மரியாதை என்பதால் கேட்டுக்கொள்கிறேன்.

லாஸ்பேட்டையிலிருந்து தட்டாஞ்சாவடிக்கு யாராவது தபால் போடுவார்களா என்று நீங்கள் சிரிக்கலாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கியவர் நீங்கள். உங்கள் புதுமனை புகுவிழாவில் சொந்தத் தங்கை புருஷனைக் கடைசிப் பந்தியில், பாயசம் தீர்ந்த பிறகு உட்கார வைத்தீர்கள். அன்றிலிருந்து உங்கள் வாசற்படியை நான் மிதிப்பதில்லை. மிச்சம் இருப்பது அஞ்சல் துறை ஒன்றுதான்.

உங்கள் மருமகன் வெற்றிச்செல்வன் ஜெர்மனியில் ஆராய்ச்சி மாணவனாக இருப்பதும், அங்கேயே நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி கேட்கப்போவதும் உங்களுக்குத் தெரியும். அதற்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். முப்பது வயது தாண்டியதும் மாணவர் காப்பீடு முடிந்தது என்று கைவிரித்துவிட்டார்கள். இனி தனியார் கம்பெனியில்தான் எடுக்க வேண்டும். அவர்கள் பெண் பார்க்க வருகிறவர்களைவிட மோசம், பல்லிலிருந்து பாதம்வரை விசாரிக்கிறார்கள். சின்ன வயதில் என்ன நோயெல்லாம் வந்தது என்று கேட்டார்களாம். "அது எங்கம்மாவுக்குத்தான் தெரியும்" என்று நம் அறிவாளி வீட்டு நம்பரைக் கொடுத்துவிட்டான்.

அங்கே காப்பீட்டு ஏஜென்சியில் சிந்துஜா என்று ஒரு தமிழ்ப் பெண் வேலை பார்க்கிறாள். அவள் கூப்பிட்டபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். உங்கள் தங்கை தனக்கொடி எடுத்தாள்.

"ஆன்ட்டி, வெற்றி சாரோட ஹெல்த் எப்படி?"

பிள்ளை நன்றாக இருக்கிறான் என்று வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும் என்பது உங்கள் வீட்டுச் சட்டம். தொழில் கொழித்த காலத்திலும் "ஏதோ ஓடுது" என்று முகத்தைத் தொங்கப்போட்டவர்தானே நீங்கள்? உங்கள் தங்கை சட்டத்தை மீறவில்லை.

"அத ஏம்மா கேக்கற! எலும்பும் தோலுமா கெடக்கறான். நாலு வாய் சோறு எறங்க மாட்டுது. மாடி ஏறனா மூச்சு வாங்குது."

"ஐயோ! சின்ன வயசுலயுமா?"

"பொறந்ததுலேந்தே சவலப் புள்ள. தேறுவான்னே யாரும் நெனைக்கல."

நான் துண்டோடு ஓடிவருவதற்குள் அந்தப் பெண் எல்லாவற்றையும் டைப் செய்துவிட்டாள். மச்சான், இவன் மாரத்தான் ஓடுகிறவன். போன முறை வந்தபோது வஞ்சிரம் வறுவலில் எனக்கொரு துண்டுகூட மிச்சம் வைக்காமல் தின்றவன்.

மறுநாள் பையன் அழாத குறையாகப் பேசினான். "அப்பா, அம்மா என்னதான் சொன்னாங்க? இதயத்த சோதிக்கணும்னு டாக்டர்கிட்ட அனுப்பி, நெஞ்சுல ஒயர ஒட்டிவிட்டுட்டாங்கப்பா! தூங்கும்போதுகூட கழட்டக் கூடாதாம்!" இதைக் கேட்ட தனக்கொடி என்னைத் திரும்பிப் பார்த்து, "பாத்தீங்களா, பெத்தவளுக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு மணக்குள விநாயகர் கோயிலுக்கு ஆட்டோ பிடித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமைக்குள் திருத்திச் சொல்லாவிட்டால் காப்பீடு கிடையாது. காப்பீடு இல்லாவிட்டால் குடியிருக்கும் அனுமதியின் வாசனைகூடக் கிடையாது, இத்தனை வருடம் படித்துவிட்டு அவன் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து உண்மையைச் சொல் என்று தனக்கொடியிடம் கெஞ்சினேன்.

"எம்புள்ள கல்லாட்டம் இருக்கான்னு நானே சொல்லி, நாளைக்கு ஒண்ணு ஆச்சின்னா நீங்களா போயித் தாங்குவீங்க? எங்கண்ணன் சொல்லட்டும், பேசறேன்."

நான் இரண்டு எம்.ஏ. படித்தவன். துறைத்தலைவர் நாற்காலியை எனக்குப் பின்னால் வந்தவனுக்குக் கொடுத்த கல்லூரி மட்டுமல்ல, என் வீடும் என் பேச்சை மதிப்பதில்லை. பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டு பாட்டில் மூடி தயாரிக்கும் உங்கள் சொல்தான் இங்கே வேதம். ஆகவே கேட்கிறேன். இதைக் கெஞ்சல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தயவுசெய்து உங்கள் தங்கையிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உங்களுக்கு என்ன சொல்வது என்று வெகுநேரம் யோசித்தேன். வயதில் மூத்தவர், வணக்கம்.

இப்படிக்கு,
கோபம் மாறாத
பலராமன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் சிந்துஜாவே மறுபடி கூப்பிட்டுவிட்டாள். "அங்கிள், நீங்களாவது சொல்லுங்க. வெற்றி சார் நல்லா இருக்காரா?" ஒரே ஒரு 'ஆமாம்' போதும், இந்தக் கடிதத்தையே கிழித்துப் போட்டிருப்பேன். வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக் கோவிந்தசாமி வாசலில் வந்து நின்றார். தன் மகனுக்கு விசா மறுத்ததிலிருந்து நம் பையனைப் பற்றித் தெருவெல்லாம் விசாரிக்கிறவர். "ஏதோ இருக்காம்மா. உசுரு இருக்குது" என்று சொல்லிவிட்டேன். அவர் போனதும் திருப்பிக் கூப்பிட்டேன், ஆபீஸ் மூடிவிட்டார்களாம். தனக்கொடி, கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக, நான் கேட்காமலே காபி கொண்டுவந்து வைத்தாள். ஆகவே மச்சான், மேலே அவளைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். கடிதம் கிடைத்ததும் அந்தப் பெண்ணிடம் நீங்களே போனில் பேசிவிடுங்கள். பேசுவதற்கு முன்னால் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.