கோழிப்பெட்டி பல்பு கவர்ந்த படலம்

ரப்பர்ச் செருப்பே அரணாக, ஒட்டுப்பலகையே போர்க்களமாக, மல்டிமீட்டரே வாளாக ஏந்தி நின்ற வீரன், சிப்காட்டுப் பல்சக்கர ஆலையின் தரப் பரிசோதகன், ஓசூர் மாடிவீட்டுக் குடித்தனக்காரன் இளம்பரிதியின் கொற்றம் பாடப் புகுந்தோம். மின்சாரம் காக்கும் தெய்வங்கள் இந்த ஒரு மணி நேரமாவது கண்ணயராதிருக்கட்டும்.

மத்தூர்ச் சந்தையில் அவன் கவர்ந்து வந்த வால்வு ரேடியோ, தேக்குமர மேனியும் தந்தநிறப் பல்வரிசையும் கொண்ட பேரழகி. சென்ற மாதம் அவளை நேரே பிளக்கில் சொருகிய கணத்தில் மூன்று குடித்தனங்கள் இருண்டன. மனைவி முனிலட்சுமியின் கிரைண்டரில் உளுந்து பாதியில் நின்றது. வீட்டுக்காரர் திம்மப்பன் மெழுகுவர்த்தியோடு படியேறி வந்து சாபம் உரைத்தார்:

"இன்னொருவாட்டி ஃபீஸ் போச்சுன்னா வீட்டக் காலி பண்ணிடு சாமி. மறக்காம அந்தப் பொட்டியயும் தூக்கிட்டுப் போ."

ஆகவே இம்முறை விதிப்படி போர். மின்சாரம் ஒரு குண்டு பல்பைக் கடந்தே ரேடியோவுக்குள் புக வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வீச்சில் எரிந்து அடியைத் தான் தாங்கும், ஃபீஸ் பிழைக்கும். ரேடியோ நலமெனில் பல்பு மங்கும். ஆனால் சூளகிரி வரை அலைந்தும் கடைதோறும் எல்.ஈ.டி. பல்புகளே பல்லிளித்தன. பழைய இழை பல்பு ஒன்றே ஒன்று, மொட்டைமாடியில், திம்மப்பனின் கோழிக்குஞ்சுப் பெட்டிக்குள், மார்கழிக் குளிரோடு தனித்துப் பொருதுகொண்டிருந்தது. பத்தே நிமிடம் என்று பன்னிரு குஞ்சுகளுக்கும் வாக்களித்து அதைக் கொணர்ந்தான் காவலன்.

"ஏங்க, கிரைண்டர் ஓடுது. மாவு முடியட்டும், அப்புறம் உங்க சண்டைய வெச்சுக்குங்க."

"இன்னிக்கு ஃபீஸ் போகாது முனி. போச்சுன்னா என்னை இளம்பரிதின்னு கூப்பிடாதே."

"இப்ப மட்டும் அப்படியா கூப்பிடறேன்?"

மறவன் மீட்டரின் சிவப்பு வயரைப் பத்து ஆம்பியர் துளைக்கு மாற்றினான். நெஞ்சின் குறுக்கே மின்சாரம் பாய வழி தராமல், இடக்கையைப் பின்பாக்கெட்டில் சிறைவைத்தான். வலக்கையின் ஒற்றை விரலால், அரக்கர் கோட்டையின் கதவைத் திறப்பான் போலச் சுவிட்சைத் தட்டினான். உச்சிவெயில் உருண்டு வந்து கூடத்தில் அமர்ந்ததென எரிந்தது பல்பு. மங்கும், மங்கும் என்று மூச்சடக்கிக் காத்தான். மங்கவில்லை. ரேடியோவின் முதுகில் பொறித்த நாற்பது வாட்டுக்கு மீட்டர் புள்ளி ஒன்று ஏழு ஆம்பியருக்குள் காட்டியிருக்க வேண்டும். காட்டியதோ புள்ளி நான்கு மூன்று, அதாவது நூறு வாட் பல்பின் முழுப்பசி. பேரழகியின் குடல் முழுதும் ஷார்ட். ஆயினும் கேளீர், மின்விசிறி சுழன்றது, கிரைண்டர் முழங்கியது, கீழ்வீட்டு டிவியில் ஒரு மாமியார் அழுதுகொண்டேயிருந்தாள். ஃபீஸ் நின்றது, குடித்தனம் நின்றது, கொற்றவன் மீசை நிமிர்ந்தது.

அப்போது படிக்கட்டில் கீச்கீச்சென்று பகைவர் சேனை ஆரவாரித்தது. மடித்த லுங்கிக்குள் பன்னிரு குஞ்சுகளோடு வாசலை அடைத்து நின்றார் திம்மப்பன்.

"ஃபீஸ் போச்சா?"

"போகலீங்ணா."

"சரி, அப்ப இரு. என் பல்பக் குடு."

இளம்பரிதி பிளக்கைப் பிடுங்கினான். பல்பு சூடாக இருந்ததால் கரித்துணியைச் சுற்றிக் கழற்றிக் கொடுத்தான்.