கடைசிப் பத்துப் பக்கம்

"சும்மா ரெண்டு வார்த்தை பேசினா போதும்" என்று யாராவது உங்களிடம் சொன்னால், பிள்ளைகளே, செருப்பைக்கூடத் தேடாமல் ஓடிவிடுங்கள். நான் ஓடவில்லை. அதன் பலனை இன்னும் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் புனேயில், கட்கி குவார்ட்டர்ஸில் இருந்தோம். எனக்கு ஃபேக்டரியில் இன்ஸ்பெக்ஷன் செக்ஷனில் வேலை. பெரிய படிப்பு ஒன்றுமில்லை. பத்தாவது, அதற்குமேல் ஒரு ஐ.டி.ஐ. மற்றவர்கள் கடைந்து, துளை போட்டு, மெருகேற்றி அனுப்புகிற சாமானைக் கடைசியில் நான் அளந்து பார்த்து பாஸ், ரிஜெக்ட் என்று முத்திரை குத்துவேன். (நடுவில் அது என்ன பாடுபட்டது என்பது என் கவலை இல்லை. கடைசியில் எப்படி இருக்கிறது, அதுதான் பேச்சு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.)

எங்கள் குவார்ட்டர்ஸ் தமிழ்ச் சங்கத்துக்கு ஹாலின் மூலையில் ஓர் இரும்பு பீரோ. அதுதான் நூலகம். மளிகைக் கடைக் காலண்டரை விட்டால், அந்தப் பக்கத்தில் தமிழ் எழுத்து கண்ணில் படுகிற இடம் அந்தப் பீரோதான். என் மகள் செல்விக்கு அப்போது ஏழு வயது. ஹிந்தியில் பொரிந்து தள்ளுவாள், மராத்தியில் சண்டையே போடுவாள், தமிழில் மட்டும் 'அ, ஆ' தாண்டமாட்டேன் என்று அடம்பிடித்தாள். அந்தப் பீரோவைக் காட்டி எப்படியாவது அவளை இழுத்துவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

பீரோமேல் இன்னொருவருக்கும் கண். கேரம் கோஷ்டித் தலைவர் அண்ணாமலை அண்ணன்.

"இன்னாப்பா இது, கரப்பான் குடும்பம் நடத்தறதுக்கு ஒரு பீரோவா? எவன் எடுத்துப் படிக்கிறான்? எங்க போர்டு, கப்பு எல்லாம் வராண்டாவுல கெடக்குது!"

கமிட்டி கூடி முடிவு செய்தது. பொங்கல் விழாவில் புதுப் புத்தகங்களை மேடையில் அறிமுகம் செய்வது. அன்றைக்குப் பத்துப் பேராவது புத்தகம் எடுத்துப் போகவில்லை என்றால் பீரோ கேரமுக்கு.

பேச வேண்டிய தமிழ் வாத்தியாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சங்கச் செயலாளர் சுந்தரேசன் சார் நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"நீங்கதான்யா பேசணும்."

"நானா? சார், நான் ஒண்ணுகூடப் படிக்கலையே!"

"அட்டை போட்டது யாரு? எல்லாப் புத்தகத்தையும் கையால தொட்ட ஒரே ஆள் நீங்கதான். பெரியவங்க எதைப் படிக்கலாம், சின்னப் பசங்களுக்கு எதைப் படிச்சுக் காட்டலாம். சும்மா ரெண்டு வார்த்தை."

சென்னையிலிருந்து ரயிலில் வந்த கட்டைப் பிரித்து பிரவுன் அட்டை போட்டது நான்தான். அது இலக்கியத் தகுதி என்று அதுவரை எனக்குத் தெரியாது. நெஞ்சு கொஞ்சம் விரிந்தது.

அவ்வளவையும் படிக்க நேரமில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். ஒவ்வொரு புத்தகத்திலும் கடைசிப் பத்துப் பக்கம்.

என் மனைவி வசந்தா எட்டிப் பார்த்தாள். "என்னாங்க, பின்னாடியிலேர்ந்து பொரட்டறீங்க? உருது புஸ்தகமா?"

"இது ஃபைனல் இன்ஸ்பெக்ஷன். முடிவு சரியா இருந்தா முழுசும் சரியா இருக்கும்."

"ஓ! அதனாலதான் டீயைக் குடிச்சு முடிச்சிட்டு சக்கரை போடலன்னு சொல்றீங்களா?"

(படித்தவனை இந்த வீட்டில் யார் மதித்தார்கள்?)

நான் பார்த்து முடித்த மர்ம நாவலை மட்டும் சுந்தரேசன் சார் ஆசையாக வாங்கிப் போனார். பார்க்காமல் மிச்சம் இருந்தது ஒரே ஒரு குழந்தைகள் புத்தகம். விழா அன்று காலையில் அதைப் புரட்டினால், செல்வி மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு படத்தை முதலிலிருந்துதான் காட்ட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பாதிதான் தாண்டியிருப்போம், வசந்தா இஸ்திரி போட்ட வேட்டியோடு வந்து நேரமாகிவிட்டது என்று கிளப்பிவிட்டாள்.

ஜனவரிக் குளிருக்கு வேட்டிமேல் ஸ்வெட்டர். ஆனாலும் மேடையில் எனக்கு வியர்த்தது. மைக்கைப் பிடித்தேன்.

"முதல்ல, பெரியவங்களுக்கு ஒரு மர்ம நாவல். எஸ்டேட் முதலாளி செத்துக் கிடக்கிறார். கொன்னது யாருன்னு நீங்க கவலைப்படவே வேண்டாம். கூடப் பிறந்த தம்பிதான். காப்பியில விஷம். நல்லா முடிச்சிருக்காங்க. பாஸ்!"

எனக்குப் பின்னால் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. சுந்தரேசன் சார் எழுந்து நின்றார்.

"யோவ்! நான் பாதியிலதான்யா இருக்கேன்! அந்தத் தம்பி ஒருத்தனைத்தான் நல்லவன்னு நம்பிட்டிருந்தேன்!"

அவருக்கு உதவியாக இருக்கட்டுமே என்று, "பக்கம் சொல்லட்டுமா சார்?" என்றேன். சபை சிரித்தது. பேச்சு நன்றாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"அடுத்தது குடும்ப நாவல். அக்காவும் தங்கச்சியும் பேசறதில்ல. ஏன்னு எனக்குத் தெரியாது, அது முன்னாடிப் பக்கத்துல இருக்கும். ஆனா அக்கா கண்ணை மூடறதுக்குள்ள தங்கச்சி ஆஸ்பத்திரிக்கு வந்துடறா. அதனால பயப்படாம படிக்கலாம்."

முன்வரிசை மாமி கை தூக்கினார். "அப்புறம் நான் எதுக்குப்பா படிக்கணும்?"

பதற்றத்தில் அடுத்ததற்குத் தாவினேன். "இது பயணக் கட்டுரை. பல ஊர் சுத்தினவர், கடைசியில பத்திரமா வீடு வந்து சேர்ந்துடறார்."

பின்வரிசையிலிருந்து அண்ணாமலை அண்ணன் எழுந்து கைதட்டினார். "சபாஷ்! இனிமே யாரும் எதையும் படிக்கத் தேவையில்ல. பீரோவை இன்னிக்கே காலி பண்ணிடலாம்!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பீரோவைக் காப்பாற்ற ஏறியவன், அதன் சாவியை எதிராளி கையில் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். கீழே செல்வியைப் பார்த்தேன். அவள் தோழிகள் சிரித்துக்கொண்டிருக்க, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

மிச்சம் இருந்தது காலையில் பாதியில் விட்ட குழந்தைகள் புத்தகம் மட்டும்தான்.

"ஒரு ஆட்டுக்குட்டி. நம்ம லோனாவாலா லோக்கல் மாதிரி ஒரு ரயில்ல டிக்கெட் இல்லாம ஏறிடுது. யாராவது வந்தா சீட்டுக்கு அடியில ஒளிஞ்சுக்குது. ஒரு ஸ்டேஷன்ல டிக்கெட் செக் பண்ற டிசி ஏறிட்டார். ஒவ்வொரு சீட்டா பார்த்துட்டே வர்றார். ஆட்டுக்குட்டியோட வால் வெளியில தெரியுது. டிசி குனியறார்..."

நிறுத்தினேன்.

பிள்ளைகள் கூட்டம் மேடையை நோக்கி நகர்ந்து வந்தது. "ஃபிர் க்யா ஹுவா, அங்கிள்?" என்றது ஒரு குரல். "அப்புறம்? அப்புறம்?" என்றன மற்றவை.

"அதுக்கு மேல நான் படிக்கலை."

செல்வி கையை எடுத்துவிட்டு எழுந்தாள். "அப்பா! டிசி பிடிச்சாரா இல்லையா?"

"சத்தியமா தெரியாதும்மா."

"புக் எங்க?"

பீரோவைக் காட்டினேன். அவ்வளவுதான். ஹாலில் இருந்த அத்தனை பொடிசுகளும் பீரோவை நோக்கி ஓடின. ஆட்டுக்குட்டி கிடைக்காதவர்கள் பீரோவில் கிடந்த பழைய யானைக் கதையைத் தூக்கினார்கள், யானை கிடைக்காதவர்கள் குருவிக் கதையை. அம்மாக்கள் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். பத்துப் பேர் எப்போதோ தாண்டிவிட்டது. நான் பாஸ் போட்ட பெரியவர்கள் புத்தகத்தை மட்டும் ஒருவரும் சீண்டவில்லை.

ஆட்டுக்குட்டியைத் தட்டிக்கொண்டு போனது யார் தெரியுமா? அண்ணாமலை அண்ணனின் மகன்.

மறுநாள் அண்ணனே பையனையும் புத்தகத்தையும் இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

"இன்னாப்பா, நான் இங்கயே பொறந்து ஹிந்தி ஸ்கூல்ல படிச்சவன். தமிழ் எழுத்து எனக்கு வராது. இவன் உயிரை வாங்கறான். டிசி புடிச்சானா இல்லியா, அதை மட்டும் சொல்லிடு, போய்டறேன்."

அதற்கென்ன என்று கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். செல்வியின் கை சட்டென்று புத்தகத்தின்மேல் விழுந்தது.

"முதல்லேர்ந்து."

முதலிலிருந்தே படித்தோம். எழுத்துக்கு எழுத்து அவள் விரல் கூடவே வந்தது. அண்ணனும் போகவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டிசி குனிகிற இடத்தில் என் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். பீரோவைப் பற்றி அதன்பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை.

சுந்தரேசன் சார் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். போனில் கூப்பிட்டால் இன்றும் முதல் வார்த்தை, "அந்தத் தம்பி நல்லவன்யா." எங்கள் வீட்டில் டப்பாவில் லட்டு குறைந்தால், "தம்பிதான், காப்பியில விஷம்" என்பாள் வசந்தா. புதுப் புத்தகம் எது வந்தாலும், கடைசிப் பத்துப் பக்கத்துக்கு ரப்பர் பேண்ட் போட்டுத்தான் செல்வி என் கையில் கொடுப்பாள். இப்போது அவள் மகனும் அதைக் கற்றுக்கொண்டுவிட்டான்.

டிசி ஆட்டுக்குட்டியைப் பிடித்தாரா என்றா கேட்கிறீர்கள்? கடைசிப் பக்கத்தில் அவர்... வேண்டாம். செல்வி ரப்பர் பேண்டோடு வருகிறாள்.