கல்யாண வண்டியில் ஒரு கவிழ்ந்த வள்ளம்

என் பிள்ளைகளிடம் நான் சொல்லியிருக்கும் பொய்களிலேயே பெரியது, "எனக்கு மோட்டார் சைக்கிளைப் பற்றி ஒன்றும் தெரியாது" என்பதுதான். இருபது வருஷமாகக் காப்பாற்றி வந்த அந்தப் பொய் போன ஞாயிற்றுக்கிழமை உடைந்தது. கல்லூரியில் படிக்கும் என் மகள் ஷீலா, துருப்பிடித்த பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி ஒன்றைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினாள்.

"டாடி, இத கஃபே ரேசரா மாத்தப் போறேன். நீங்க ஏற்கனவே ஒண்ணு செஞ்சிருக்கீங்களாமே? பிலோமி அத்தை சொன்னாங்க."

கையிலிருந்த காப்பியில் பாதி என் வேட்டி மேல் விழுந்தது. மீதியை நான் குடிக்கவில்லை. அக்கா எதுவரைக்கும் சொன்னாள் என்று தெரியவில்லை. அவள் மிச்சத்தையும் சொல்வதற்குள் நானே எழுதிவிடுவது உத்தமம்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தொரு வயது. துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் கப்பலுக்கும் ஆபீசுக்குமாகக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு அலையும் வேலை. (வீட்டில் கேட்டால் 'ஷிப்பிங்கில் இருக்கிறேன்' என்பேன்.) அப்பா தோணித் தண்டல். அதாவது, கொழும்புக்கு வெங்காயமும் மிளகாய் வற்றலும் ஏற்றிப் போகிற பாய்த்தோணியின் தலைவர். கிளம்பினால் திரும்பி வர மாதக்கணக்காகும்.

எங்கள் வீட்டுச் சமையல் குசினிக்குப் பின்னால் ஒரு வெளிநாட்டு மோட்டார் சைக்கிள் கிடந்தது. ஊரை விட்டுப் போன வெள்ளைக்கார என்ஜினியர் ஒருவர் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனது. பத்துப் பன்னிரண்டு வருஷ உப்புக்காற்றில் அது வண்டி என்கிற நிலையைக் கடந்து, கோழிகள் முட்டையிடும் இடமாக மாறியிருந்தது.

அப்போதுதான் பிலோமி அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை லூர்து, கீழவைப்பாரில் வாத்தியார். சத்தம் போட்டுத் தும்மக்கூட யோசிக்கிறவர். 'என்ன எதிர்பார்க்கிறீர்கள்' என்று பெரியவர்கள் கேட்டபோது, கழுத்தைச் சொறிந்துகொண்டே ஒன்றே ஒன்று சொன்னார்.

"வேற ஒண்ணும் வேண்டாம். அங்கன கெடக்க அந்த வண்டி மட்டும் ஓடிச்சின்னா, கல்யாணம் முடிஞ்சி நாங்க ரெண்டு பேரும் அதுலயே ஊருக்குப் போயிருவோம்."

'ரெண்டு பேரும்' என்று அவர் சொன்னதை அங்கிருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். நானும் அங்கேதான் இருந்தேன்.

வண்டியைச் சரிசெய்யும் வேலையை என்னிடம் கொடுக்க அப்பாவுக்கு மனமில்லை. "இவன் கையிலயா? சைக்கிளுக்குக் காத்தடிக்கேன்னு டயர வெடிக்க வச்சவம்லா இவன்!"

அக்காதான் வாதாடினாள். "தம்பி செஞ்சிருவான்ப்பா. நான் பொறுப்பு." அப்பா தோணியேறிப் போனார். அக்கா தலைமுடி பறக்காமலிருக்க நீலத்தில் ஒரு ஸ்கார்ப் வாங்கி வைத்துக்கொண்டாள். முற்றத்து பெஞ்சில் பக்கவாட்டில் உட்கார்ந்து, ஒரு கையால் இல்லாத தோளைப் பிடித்துப் பழகுவாள். நான் பார்த்தால் எழுந்து பெஞ்சைத் துடைப்பாள்.

முதல் இரண்டு மாதம் நான் ஒழுங்காகத்தான் இருந்தேன். சிலிண்டருக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி நாள்கணக்காக ஊறப்போட்டு, இறுகிப்போன பிஸ்டனை மரக்கட்டையால் தட்டித் தட்டி இறக்கினேன். கார்புரேட்டரின் ஊசித்துளையை அக்காவின் தலைமுடி ஒன்றைக் கொண்டே சுத்தம் செய்தேன். ஒருநாள் காலையில் இருபதாவது உதைக்கு வண்டி இருமியது. இருபத்தோராவது உதைக்குப் பேசியது. கோழிகள் சுவரேறிப் போயின. அக்கா மாவுக் கையோடு ஓடி வந்து என் முகத்தில் முத்தமிட்டாள். அந்த இடத்திலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

ஆனால் அந்த வாரம் ஒரு கப்பலில் கையெழுத்து வாங்கப் போனபோது, மாலுமி ஒருவன் பழைய ஆங்கிலப் பத்திரிகை ஒன்றைக் கொடுத்தான். அதில்தான் முதன்முதலாகக் கஃபே ரேசரைப் பார்த்தேன். இங்கிலாந்துப் பையன்கள் ஒரு காப்பிக்கடையிலிருந்து இன்னொரு காப்பிக்கடைக்குப் பந்தயம் விடுவார்களாம். அதற்காக வண்டியில் தேவையற்றதையெல்லாம் கழற்றி எறிவார்களாம். தாழ்ந்த ஹேண்டில்பார், நீண்ட டேங்க், பின்னால் திமில் போல ஒரு சீட். (எங்கள் தெருவில் காப்பிக்கடை ஒன்றுதான். ஆனாலும் பந்தயம் என் மனசுக்குள் தொடங்கிவிட்டது.)

கல்யாணத்தன்று எல்லோரும் அசர வேண்டும் என்று யாரையும் கிட்டே விடாமல், ஹேண்டில்பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினேன். மட்கார்டுகள் போயின. சைலன்சருக்குள் இருந்த தடுப்பை உருவினேன். மிச்சம் திமில்தான். தகரத்தில் அதைச் செய்யத் தெரிந்தவர் யாரும் கிடைக்கவில்லை. வண்டியைப் பாய்த்துணியில் மூடித் திரேஸ்புரத்துக்குத் தள்ளிப் போய், வள்ளம் கட்டும் சூசை ஓடாவியிடம் படத்தைக் காட்டினேன். அவர் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ஏலே, இது கவுந்து கெடக்க வள்ளம்லா?"

"வள்ளம் இல்ல அண்ணாச்சி, சீட்டு."

"வள்ளம்தாம்லே. எனக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான், அதையே செய்தார். மெல்லிய அயினிப் பலகையை வளைத்து, இணைப்புகளில் பஞ்சு அடைத்து, உள்ளே சின்னச் சின்ன விலா எலும்புச் சட்டங்கள் வைத்து, அசல் வள்ளம். ஒரு முழ நீளம். கவிழ்த்து மாட்டினால் திமில். "வண்டியோட கடல்ல விழுந்தியன்னா, நீ முங்கிருவ. இது மெதக்கும்" என்று உத்தரவாதமும் கொடுத்தார். புதுசாகக் கட்டிய எதையும் மீனெண்ணெய் தடவாமல் பட்டறையிலிருந்து வெளியே விடுவது அவர் தொழிலுக்கு வழக்கமில்லை. மரத்தை உப்புத் தண்ணீர் தின்னாது என்று திமிலுக்கு இரண்டு கை பூசினார். ஆசை தாளாமல் டேங்க், சங்கிலி, ஸ்போக்ஸ் எல்லாவற்றுக்கும் பூசினார்.

கல்யாணத்தன்று காலை வண்டியை எடுக்கப் பட்டறைக்குப் போனேன். டூ-ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலோடு எண்ணெயும் கலந்து ஊற்ற வேண்டும். என் எண்ணெய் டப்பா காலி. மாதா கோயில் மணி அடித்துவிட்டது. அந்தப் பத்திரிகையில், பந்தய வண்டிகளுக்கு ஆமணக்கெண்ணெய் கலப்பார்கள், வாசனை அருமையாக இருக்கும் என்று படித்திருந்தேன். ஆமணக்கு இல்லை. ஓடாவியின் தகர டின் நிறைய மீனெண்ணெய் இருந்தது.

"அண்ணாச்சி, இத ஊத்தலாமா?"

"கப்பல் கட்டுறவனே இதத்தான் தடவுதான். ஊத்துலே!"

படித்தவன் நான். அறிவியலில் முதல் வகுப்பு. ஊற்றினேன். கிளப்பிப் பார்க்க நேரமில்லை, அப்படியே கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

கோயில் வாசலில் பூசை முடிந்து எல்லோரும் வெளியே வந்தபோது, பாய்த்துணி போர்த்திய வண்டி நடுவில் நின்றது. முந்தின நாள்தான் கொழும்பிலிருந்து வந்திருந்த அப்பா பெருமையோடு மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். அக்கா வெள்ளைப் பட்டுச்சேலை, கையில் நீல ஸ்கார்ப். நான் துணியை இழுத்தேன்.

கைதட்டலை எதிர்பார்த்திருந்தேன். அக்கா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். திமிலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ஏலே... நான் எங்கன உக்கார?"

மூன்று மாதம். இரவு பகலாக அந்த வண்டியைப் பார்த்திருக்கிறேன். பெஞ்சில் அவள் பழகுவதையும் பார்த்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

மாப்பிள்ளையின் சித்திக்கு ஊரே கேட்கும் குரல். "மாப்பிள்ளைக்கு மட்டும்லா எடம் வச்சிருக்காங்க! பொண்ண அனுப்ப மாட்டாங்களோ?"

"அதானே! அனுப்ப இஷ்டமில்லன்னா நேராச் சொல்ல வேண்டியதுதான்" என்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா. அப்பாவின் கை மீசையிலிருந்து இறங்கியது. அக்காவின் கண் நிறைந்தது. ஒரு கல்யாணம் கோயில் வாசலிலேயே முறிந்து பார்த்ததில்லை. அன்று பார்க்கப் போகிறேன் என்று நினைத்தேன்.

பேச்சை மாற்ற எனக்குத் தெரிந்த ஒரே வழி, வண்டியைக் கிளப்புவது. உதைத்தேன்.

தடுப்பில்லாத சைலன்சர் போட்ட சத்தத்தில் பேண்டு வாத்தியக்காரர் தன் டிரம் கிழிந்ததோ என்று குனிந்து பார்த்தார். அடுத்து புகை. வெள்ளையாக, கெட்டியாக, பொங்கிப் பொங்கி வந்தது. அதன் பின்னால் வாசனை. ஆயிரம் சாளை மீனை ஒரே சட்டியில் போட்டுப் பொரித்தால் வருமே, அது. கல்யாணத்துக்கு வந்திருந்தவர்களில் பாதிப் பேருக்குப் பசித்தது. மீதிப் பேர் மூக்கைப் பொத்தினார்கள்.

சமாதானம் செய்கிற நோக்கத்தோடு லூர்து அத்தான் கோட்டு சூட்டோடு ஏறி உட்கார்ந்தார். தாழ்ந்த ஹேண்டில்பாரைப் பிடிக்கக் குனிந்தவர், பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய முழந்தாளிட்டவர் போலத் தெரிந்தார். "கொஞ்சம் ஓட்டிப் பாக்கேன், மாமா" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு நகர்ந்தார். முதல் பூனை மதிலிலிருந்து குதித்தது. பிறகு இரண்டு. திரேஸ்புரத்துப் பூனைகளுக்கு யார் தகவல் சொன்னார்களோ, சந்துக்குச் சந்து வந்துகொண்டே இருந்தன. பின்னால் நாய்கள். தலைக்கு மேலே காக்கைகள். அத்தான் திரும்பிப் பார்த்தார், வேகத்தைக் கூட்டினார், ஐம்பது கெஜத்தில் வண்டி ஒரு ஏப்பம் விட்டு நின்றது. மறுபடி உதைத்தார். உதைக்கும் காலைப் பூனை ஒன்று நக்கிக்கொண்டிருந்தது.

எல்லோரும் ஓடினோம். எனக்கு முன்னால் அக்கா ஓடினாள். போனவள் என்னைப் பார்க்கவில்லை, சித்தியைப் பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்தாள். நீல ஸ்கார்பைத் தலையில் கட்டினாள். அரை மணி நேரமாகத் தன் கணவராக இருந்தவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை:

"நீங்க எறங்குங்க."

அத்தான் இறங்கினார். அவள் பெஞ்சில் பழகியது போலவே பக்கவாட்டில் ஏறி உட்கார்ந்து, தோளுக்குப் பதில் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ம், தள்ளுங்க."

சத்தம் போட்டுத் தும்மக்கூட யோசிக்கிற அந்த மனிதர் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்ததாக அவர் ஊர்க்காரர்கள் சொல்வார்கள். கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுத் தள்ளினார். பேண்டு தொடங்கியது. முன்னால் மணப்பெண், பக்கத்தில் தள்ளும் மாப்பிள்ளை, பின்னால் பூனைகள், அதற்கும் பின்னால் இரண்டு வீட்டாரும். சித்தி கடைசிவரை மூக்கிலிருந்து முந்தானையை எடுக்கவில்லை. ஆனால் உள்ளே சிரித்துக்கொண்டிருந்தது முந்தானை ஆடியதில் தெரிந்தது.

அப்பா என் அருகில் நடந்தார். அடி விழும் என்று காத்திருந்தேன். வெகுதூரம் போன பிறகு சொன்னார்: "எத்தனையோ சரக்கு ஏத்தி எறக்கியிருக்கேம்லே. வள்ளத்த ரோட்டுல தள்ளிக்கிட்டுப் போறத இன்னைக்குத்தான் பாக்கேன்."

அவர்கள் சாயங்கால பஸ்சில் கீழவைப்பாருக்குப் போனார்கள். பஸ்சில் இரண்டு பேருக்கும் இடம் இருந்தது. வண்டியைப் பிறகு வேறொரு மெக்கானிக் பழைய சீட்டும் நல்ல எண்ணெயும் போட்டுச் சரிசெய்தார். அந்த வள்ளம் மட்டும் அக்கா வீட்டில் இருக்கிறது. கோழி அடைகாக்கிறது. ஓடாவி சொன்னது பொய்யில்லை, இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகியதில்லை.

அத்தான் இப்போது தலைமை ஆசிரியர். ஊர்க்கூட்டத்தில் கொஞ்சம் நீட்டிப் பேசினால் போதும், கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து அக்காவின் குரல் வரும்: "எறங்கித் தள்ளுங்க!" கூட்டம் சிரிக்கும், அவரும் இறங்கிவிடுவார். நான் ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாலும் சரி, வீடு கட்டினாலும் சரி, அக்கா கேட்பது ஒரே கேள்விதான்: "ஏலே, நான் எங்கன உக்கார?"

நேற்று ஷீலா தன் வண்டிக்கு வரைந்த படத்தைக் காட்டினாள். தாழ்ந்த ஹேண்டில்பார். நீண்ட டேங்க். பின்னால் ஒரு திமில். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைக் கிட்டத்தில் இழுத்தேன்.

"இதுல... எத்தனை பேர் உக்காரலாம்மா?"

"ஒரு ஆள்தான் டாடி. கஃபே ரேசர்னா அப்படித்தான். ஆனா அத்தை ஒண்ணு சொல்லிவிட்டாங்க." படத்தின் ஓரத்தில் சின்னதாக வரைந்திருந்ததைக் காட்டினாள். வண்டிக்குப் பக்கத்தில் நடந்து தள்ளுகிற ஒரு உருவம். வேட்டி கட்டி, கண்ணாடி போட்டு, முன்தலை வழுக்கையாக. அதற்கு மேலே ஒரு பெயர்.

என் பெயர்.