டாலர் இறங்கட்டும், கல்யாணம் பேசலாம்

பெண் பார்க்கப் போன இடத்தில் கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் திரும்புவதுதான் புத்திசாலித்தனம். எனக்கும் புத்திசாலித்தனத்துக்கும் எப்போதுமே கொஞ்சம் தூரம்.

அப்போது பூனாவில், ஹடப்சர் பக்கம் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை. கரன்சி வர்த்தகம் பற்றி வீடியோக்கள் பார்த்திருந்தேன். (வர்த்தகம் செய்ததில்லை. பார்த்ததோடு சரி.) கோயம்புத்தூரிலிருந்து வந்த அம்மாவுடன் லோஹேகாவில் நித்யாவின் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். பூனாவிலேயே ஊறியவர் என்பதால் பஜ்ஜிக்குப் பதில் போஹா என்கிற அவல் உப்புமா வந்தது. நித்யாவுக்கு வங்கியில் வேலை என்றார்கள். எந்தப் பிரிவு என்று கேட்கத் தோன்றவில்லை. பார்த்ததுமே அவளைப் பிடித்துவிட்டது. மூளை அப்போதே கழன்றிருக்க வேண்டும்.

"எங்க பையனுக்கு அமெரிக்காவுல காலேஜ் ஃபீஸ் கட்டணும் தம்பி. டாலர் ஏறிக்கிட்டே இருக்கு. இப்பவே வாங்கிரலாமா?" என்று பேச்சுவாக்கில் கேட்டார் அவர்.

போனில் டாலர் விலை சார்ட்டைத் திறந்தேன். "நடுக்கோடு சராசரி விலைங்க அங்கிள். மேலயும் கீழயும் ரெண்டு பட்டை. விலை ரொம்ப ஆடுச்சுன்னா பட்டை விரியும், அடங்குச்சுன்னா சுருங்கும். இப்பப் பாருங்க, விலை மேல் பட்டையத் தொட்டிருச்சு. இனி எறங்கியே தீருமுங்க!"

"பக்கா?"

"பக்காங்க!"

நித்யா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் கையமர்த்திவிட்டு விளக்கத்தைத் தொடர்ந்தேன். (அந்தக் கையை என்ன சொல்ல!)

"அச்சா, அப்ப டாலர் எறங்கட்டும். நம்ம விஷயத்தையும் அப்புறமே பேசிக்கலாம்" என்றார்.

டாலர் இறங்கவில்லை. மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்து ஏறுகிறவர் மாதிரி, மேல் பட்டையைப் பிடித்துக்கொண்டு நிதானமாக ஏறியது. தினமும் காலையில் அவரிடமிருந்து போன் வரும்.

"தம்பி, மேலயே போவுதே?"

"பட்டை விரிஞ்சிருக்குங்க அங்கிள். நாளைக்குப் பாருங்க."

"உனக்கென்னடா தெரியும்னு அங்க வாயத் தொறந்தே?" என்று அம்மா வேறு கோயம்புத்தூரிலிருந்து போனில் திட்டினார். நித்யா கைநழுவிப் போகிறாள் என்று நினைத்தாலே எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கடைசியில், பட்டைகளைப் பற்றி நான் பார்த்திருந்த அந்த வீடியோவை முதன்முறையாக முடிவுவரை பார்த்தேன். விலை ஒரே திசையில் வேகமெடுத்தால் பட்டையை ஒட்டியே போகும், தொட்டால் திரும்பும் என்று நம்பிவிடாதீர்கள் என்று கடைசி நிமிடத்தில் சொல்கிறான் பாவி!

ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு லோஹேகாவ் போனேன். "அங்கிள், நான் சொன்னது சுத்தத் தப்புங்க. இனியும் காத்திருக்காதீங்க, இன்னைக்கே வாங்கிருங்க. பொண்ணு குடுக்கலேன்னாலும் பரவால்லீங்க." (கடைசி வாக்கியம் பொய்.)

அவர் வீடே அதிரச் சிரித்தார். "அரே, அன்னிக்கு நீங்க கேட் தாண்டறதுக்குள்ள இவ என்னை டாலர் வாங்க வெச்சிட்டா தம்பி! பேங்க்ல இவ வேலையே அதுதான!"

"அப்ப தினமும் போன் பண்ணினது?"

"நான்தான் பண்ணச் சொன்னேன்" என்றாள் நித்யா. "தப்புன்னு தெரிஞ்சா ஒத்துக்கற ஆளான்னு பாக்கணும்ல? இன்னும் ஒரு மாசம் இழுப்பீங்கன்னு நெனச்சேன்."

அவமானத்தில் காது சுட்டது. ஆனால் அவ்வளவு சந்தோஷமாக நான் அதுவரை அவமானப்பட்டதே இல்லை.

கல்யாணமாகி, இப்போது மகள் பள்ளிக்கூடம் போகிறாள். தங்கமோ தக்காளியோ, "பொறு, விலை இறங்கியே தீரும்" என்று நான் சொல்லிவிட்டால் போதும். நித்யா பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுகிறாள். போகிற வழியில் அப்பாவுக்கும் போன் போட்டுச் சொல்லிவிடுகிறாள். லோஹேகாவில் அவரும் கிளம்பிவிடுகிறார்.