கொம்பில்லாத அசுரர்

அசுரரைக் கொல்வதற்கு அனுமதிப் பத்திரம் எடுக்கவேண்டும் என்ற நடைமுறை இந்த நாட்டில் அண்மைக்காலம் வரை இருக்கவில்லை. வேல் வைத்திருந்தவர் வேலால் கொன்றார். வாள் வைத்திருந்த வானத்துச் சம்மனசு வாளால் கொன்றது. ஒருவராவது அனுமதிக்காக ஒரு அரசாங்கக் கந்தோர் வாசலில் போய் நிற்கவில்லை. இந்த ஒழுங்கீனத்தைக் கண்டு மனம் நொந்த மேலிடம் ஒரு சுற்றுநிருபம் அனுப்பியது: பொதுமக்கள் பாவனைக்கு விடப்படும் எண்ணிம விளையாட்டுகள் யாவும் இனிமேல் தரநிர்ணயத்துக்கு உட்படுத்தப்படல் வேண்டும்.

வடமராட்சிப் பக்கம் ஒரு கந்தோர். எந்தக் கந்தோர் என்று கேட்கப்படாது, நாளைக்கு உங்களுக்கும் அங்கே ஒரு அலுவல் வரும். அங்கே நெல் காயப்போடும் தளங்களை மேற்பார்வை செய்ய ஒரு பிரிவு இருந்தது. சனம் நெல்லைத் தார் றோட்டிலேயே காயப்போட்டதால் பிரிவுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. வேலை இல்லை என்பதற்காக ஒரு பிரிவை மூடிவிட ஏலுமா? பெயர்ப்பலகையைக் கழற்றி, மறுபக்கம் திருப்பி, ‘எண்ணிம விளையாட்டுத் தரநிர்ணயப் பிரிவு’ என்று எழுதி மாட்டினார்கள். உள்ளே அதே ஆக்கள், அதே மேசை, அதே மின்விசிறி. புதிதாக ஒரு கணினி மட்டும் வந்தது. அதற்குத் தூசி படாமல் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டு, அப்படியே விட்டிருந்தார்கள்.

இந்தக் கந்தோருக்குத்தான் றெபேக்கா வந்து மாட்டினாள்.

றெபேக்கா கரவெட்டிக்காரி. கொழும்பில் படித்து, அங்கேயே நல்ல வேலையும் கிடைத்து, அதை உதறிப்போட்டு ஊருக்கு வந்தவள். “விசரி” என்று சொந்தக்காரர் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அச்சுவேலியில் ஒரு உரக்கடைக்கு மேலே அறை எடுத்து, குருநகர்ப் பெடியன் ஜெரோசனையும் சேர்த்துக்கொண்டு ‘அசுரக்கோட்டை’ என்று ஒரு விளையாட்டுச் செய்தாள். விளையாடுகிறவர் துவக்கோடு கோட்டைக்குள் போவார். அவருடைய கையும் துவக்கும் மட்டும்தான் திரையில் தெரியும். எதிரே வருகிற அசுரரைச் சுட்டுச் சுட்டு அடுத்த வாசலைத் திறக்கவேண்டும், அவ்வளவுதான் கதை. பெடியள் சாப்பாடு தண்ணி மறந்து விளையாடினார்கள். இப்போது அதற்கு ஒரு விரிவாக்கம் தயாராகியிருந்தது. பெயர் ‘இரண்டாம் வாசல்’.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல சாமான். அதன் உயிர் ஜெரோசன் கீறிய அசுரர்தான். அவன் கடற்கரையில் வளர்ந்தவன், வலையில் வந்த சீவன்களை எல்லாம் பார்த்துப் பார்த்து அசுரர் செய்திருந்தான். ஒன்றுக்குச் சுறாப் பல்லு, ஒன்றுக்குத் திருக்கை வால். கடைசி அசுரன் ஒரு பெரிய கணவாய். அது மை கக்கினால் திரை முழுக்க இருண்டுபோகும், நீங்கள் சத்தத்தைக் கேட்டுத்தான் சுடவேண்டும். எல்லாவற்றுக்கும் வளைந்த கொம்பு வேறு. குறையும் இல்லாமலில்லை. முதல் பாகத்து அசுரர் சிலபேர் சாயம் மட்டும் மாற்றிக்கொண்டு திரும்ப வந்தார்கள். நடுவில் ஒரு சுழல்படி தலையைச் சுற்றப்பண்ணியது. கணவாயைக் கொல்வதற்குள் சீவன் போய்விடும். இந்தக் குறையெல்லாம் றெபேக்காவுக்கே தெரியும், அதற்காக அவள் வெட்கப்படவில்லை.

அவளுடைய கவலை வேறு. ஜெரோசனின் தாய் லூர்த்தம்மா மகனுக்கு ஒரு கெடு வைத்திருந்தாள். “யாகப்பர் கோயில் திருநாளுக்கு முதல் உன்ரை பேயள் வெளியிலை வரவேணும். வராட்டி பேசாமல் பிரான்சுக்குப் போய் மாமாவோடை நில்.” ஜெரோசனும் ஓம் என்றுவிட்டான். அவன் போனால் றெபேக்கா யாரோடு சேர்ந்து பேய் செய்வது? இவ்வளவு வடிவாகப் பல்லுக் கீற வேறு ஆர் இருக்கினம்? திருநாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

கந்தோரில் கிளரன்ஸ் இருந்தார். அபிவிருத்தி உத்தியோகத்தர், தங்கமான மனுசன். ஒருவரிடமும் ஏலாது என்று அவர் வாயால் சொன்னதில்லை.

“இருங்கோ பிள்ளை, கூப்பிடுறம்” என்றார்.

பொதுமக்களுக்கென்று அங்கே ஒரு கதிரை உண்டு. அதற்கு மூன்று கால். சுவரோடு சாத்திப்போட்டு இருந்தால் விழாது. முதல்நாள் றெபேக்கா விழுந்தாள். பேந்து பழகிக்கொண்டாள்.

கடைசியில் ஒருநாள் கூப்பிட்டார்கள். பிரிவின் தலைவி தேவகுமாரி மேடம் அப்போதுதான் ஒரு ஹோட்டலில் பயிற்சிப்பட்டறை முடித்து வந்திருந்தா. இப்போது கந்தோர்களில் இதுதான் புது மோஸ்தர். எந்த விடயமானாலும் சுவரில் பெரிய தாள் ஒட்டி, நடுவில் கோடு கீறி, ஒருபக்கம் ‘பலம்’, மறுபக்கம் ‘பலவீனம்’ என்று கலர் மார்க்கரால் எழுதவேண்டும். போன கிழமை கந்தோர்க் கக்கூசுக்கும் அப்படித்தான் எழுதி முடித்திருந்தார்கள். பலம் என்ற பக்கத்தில் ‘கதவு உண்டு’ என்று இருந்தது.

“முதலிலை விளையாடிப் பார்ப்பம்” என்று மேடம் சொல்ல, பூப்போட்ட உறை கழற்றப்பட்டது. கிளரன்ஸ் உட்கார்ந்தார். கோட்டைக் கதவு திறந்தது. சுறாப் பல்லு அசுரன் பாய்ந்து வந்தான். கிளரன்ஸ் அசையாமல் இருந்தார். செத்துப்போனார். திரும்ப உயிர் வந்தது. திரும்பவும் அப்படியே செத்தார்.

“ஏன் சேர் பாத்துக்கொண்டு நிக்கிறியள்? சுடுங்கோ!”

“வாறவர் என்ன அலுவலாய் வாறார் எண்டு தெரியாமல் எப்பிடிப் பிள்ளை சுடுறது?”

மேடம் இதை உடனே பலவீனத்தின் கீழ் எழுதினா: அசுரரின் வருகைக்கான காரணம் தெளிவில்லை. அதற்குப் பிறகு மார்க்கர் நிற்கவேயில்லை.

“உந்தக் கொம்பு எந்தச் சமயம்?” என்று கேட்டா.

“அது சமயம் இல்லை மேடம். ஜெரோசன் மீன் பாத்துக் கீறினது.”

“மீனுக்குக் கொம்பிருக்கோ?”

“இல்லை...”

“அப்ப கொம்பு சமயத்திலை இருந்துதான் வந்திருக்கு. கொம்பும் வாலும் எண்டால் வேதக்காரர் எங்கடை பிசாசெண்டு வருவினம். பல்லும் மீசையும் எண்டால் சைவக்காரர் எங்கடை சூரனெண்டு வருவினம். எல்லாருக்கும் பொதுவாய் ஒரு அசுரன் செய்யுங்கோ.”

“மீன் எண்டபடியால் கடற்றொழில் பக்கத்தாலையும் ஒரு கடிதம் எடுக்கிறது நல்லம்” என்றார் கிளரன்ஸ், கவலையோடு.

“துவக்கும் கூடாது” என்றா மேடம். “துவக்கெண்டால் மேலை கேள்வி வரும். வேறை ஏதாவது குடுங்கோ. இறப்பர் முத்திரை குடுத்தால் என்ன?”

“முத்திரையாலை எப்பிடி மேடம் பேயைக் கொல்லுறது?”

கிளரன்ஸ் பெருமூச்சு விட்டார். “அதெல்லாம் கொல்லலாம் பிள்ளை. நான் முப்பது வரியமாய்ப் பாத்துக்கொண்டுதானே இருக்கிறன்.”

மேடம் அதோடு விடவில்லை. “எல்லாத்திலும் பெரிய பிழை என்ன தெரியுமோ? அசுரருக்கு மேன்முறையீடு இல்லை. சூரனுக்கே மயிலாயும் சேவலாயும் நிரந்தர நியமனம் கிடைச்சது. உங்கடை கோட்டையிலை அந்த வசதி இருக்கோ?”

தாள் நிரம்பி, சுவர் நிரம்பி, கடைசித் தாள் யன்னலில் ஒட்டப்பட்டது. பலம் என்ற பக்கத்தில் ஒரே ஒரு வசனம்: நிறங்கள் வடிவு. விதந்துரைகள் வருமாறு: அசுரரின் கொம்பு, வால், பல் ஆகியன அகற்றப்படல் வேண்டும். அசுரரை அகற்ற விரும்புவோர் கோட்டை வாசலில் அமைக்கப்படும் கருமபீடத்தில் படிவம் கொடுத்து அனுமதி பெறுதல் வேண்டும். அசுரருக்கு முன்னறிவித்தல் கொடுக்கப்படல் வேண்டும். ஆட்சேபனை உள்ள அசுரர் அதே கருமபீடத்தில் மேன்முறையீடு செய்யலாம்.

ஜெரோசன் இதைக் கேட்டுக் கொதித்துப்போனான்.

“கொம்பையும் பல்லையும் கழட்டிப்போட்டு, வெள்ளைச் சேட்டும் நீளக் காற்சட்டையும் போட்டுவிட்டால் அது பேயே அக்கா? அது கிளரன்ஸ் சேர்!”

“கத்தாதையடா. திருநாளுக்கு முதல் வெளியிலை விடாட்டி உன்னை ஏத்திவிட்டிடுவா கொம்மா. இப்ப அவை கேக்கிற மாதிரிச் செய்து குடுப்பம். பேந்து உன்ரை கொம்புப் பேயளை வெளியிலை விடுறது என்ரை பொறுப்பு. சத்தியமாய்ச் சொல்லுறன். கொம்பெல்லாத்தையும் கவனமாய் எடுத்து வை.”

அவன் அவளை நம்பினான். அழாக்குறையாக ஒவ்வொரு கொம்பாகக் கழற்றினான். ஆனால் கோபம் போகவில்லை. அந்தக் கோபத்தில் ஒரு குறும்பு செய்தான். கருமபீடத்துக்குப் பின்னால் ஒரு சுழல்கதிரையை வைத்து, விரும்பினால் விளையாடுகிறவரே அதில் ஏறி உத்தியோகத்தராக இருக்கலாம் என்று விட்டான். கையில் ‘நாளை வருக’ என்று ஒரு முத்திரை. அதைக் குத்தினால் வந்தவர் மங்கி மறைந்துபோவார். சனம் பார்த்துச் சிரித்து, அந்தக் கந்தோரைக் காறித் துப்பும் என்பது அவன் கணக்கு.

அனுமதி வந்தது. திருநாளுக்கு முந்திய கிழமை ஒரு மண்டபத்தில் வெளியீட்டு விழா வைத்தார்கள். கணினிகளை எல்லாம் ஒரே கோட்டைக்குள் இணைத்திருந்தார்கள். சனம் சிரித்தது என்னவோ உண்மைதான். ஆனால் காறித் துப்பவில்லை. அந்தக் கதிரையில் ஏற ஆளோடு ஆள் அடிபட்டது!

முதலில் ஏறி இருந்தது லூர்த்தம்மா. காணி உறுதிப் பத்திரத்துக்காகக் கந்தோர் கந்தோராக அலைந்து, போன இடமெல்லாம் சாபம் போட்ட மனுசி அவள். எதிர்க் கணினியில் கிளரன்ஸ், பிரதம விருந்தினர், அசுரரைக் கொல்ல அனுமதி கேட்டு வரிசையில் வந்து நின்றார்.

“என்ன அலுவல்?”

“அம்மா, நான் கிளரன்ஸ். மேடையிலை இருந்தனானெல்லோ...”

“ஆராயிருந்தாலும் வரிசையிலை வாங்கோ. படிவத்தின்ரை மற்றப் பிரதி எங்கை?”

“ஒரு பிரதி எண்டுதானே வாசல்லை போட்டிருக்கு?”

“அது போன மாசம்.” லூர்த்தம்மா முத்திரையை ஓங்கிக் குத்தினாள். கிளரன்ஸ் மங்கி மறைந்தார். “அப்பாடா, இப்பதானடா மோனை நெஞ்சு குளிர்ந்தது” என்றாள் மகனிடம். அதற்கு மேல் அவளைக் கதிரையை விட்டு எழுப்ப முடியவில்லை. அவளுக்குப் பின்னால் ஏறியவர்களும் அப்படித்தான். மீன்காரர், வாத்தியார்மார், பென்சன் எடுக்க நடந்து செருப்புத் தேய்ந்தவர்கள், எல்லாரும் ஏறினார்கள், எல்லாரும் குத்தினார்கள். கோட்டைக்குள் கணவாய் தன்பாட்டில் மை கக்கிக்கொண்டு கிடந்தது, அதைத் தேடி ஒருவரும் போகவில்லை.

மறுநாளிலிருந்து விமர்சனங்கள் வந்து குவிந்தன. பலம்: கதிரை. பலவீனம்: மதியச் சாப்பாட்டுக்குப் பூட்டுகிற வசதி இல்லை. பலம்: வரிசை நீளும்போது வருகிற இதம். பலவீனம்: முத்திரை ஒன்றுதான் இருக்கிறது. இன்னும் நாலைந்து முத்திரை தந்து அடுத்த விரிவாக்கத்தைக் கெதியாய் விடுங்கோ என்று கொடிகாமத்திலிருந்தும் கனடாவிலிருந்தும் எழுதினார்கள்.

ஜெரோசன் பிரான்சுக்குப் போகவில்லை. லூர்த்தம்மாவே போகவிடவில்லை.

சுற்றுநிருபத்துக்கு அமைய உருவான முதல் வெற்றி என்று மேலிடம் பூரித்தது. றெபேக்காவைத் தரநிர்ணயக் குழுவின் நிபுணத்துவ உறுப்பினராக நியமித்துக் கடிதம் வந்தது. ஜெரோசனுக்கும் அவளுக்கும் பரம சந்தோசம்.

“உள்ளுக்குப் போனால்தான் திருத்தலாம்” என்றாள் அவள். “பாரன், முதல் வேலையாய் உன்ரை கொம்புப் பேயளுக்கு அனுமதி எடுக்கிறன்.”

உள்ளுக்குப் போனாள். சுழல்கதிரை கிடைத்தது. நல்ல கதிரை, முதுகுக்கு இதமாக இருந்தது. முதல் மாதம் கோப்புகளைப் படித்தாள். இரண்டாம் மாதம் ஹோட்டலில் பயிற்சிப்பட்டறைக்குப் போய்வந்தாள். ஜெரோசன் போனில் கேட்டபோதெல்லாம் “கொஞ்சம் பொறடா” என்றாள்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் ஜெரோசனே விண்ணப்பத்தோடு கந்தோருக்கு வந்தான்.

“அக்கா, கொண்டந்திருக்கிறன். கொம்பு, வால், பல்லு, ஒண்டும் குறையேல்லை. இப்ப விடுவமே?”

றெபேக்கா அதைக் கணினியில் போட்டுப் பார்த்தாள். கதவு திறந்தது. சுறாப் பல்லு அசுரன் கொம்பைச் சிலுப்பிக்கொண்டு பாய்ந்து வந்தான். அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. இதற்காகத்தானே கொழும்பு வேலையை விட்டு வந்தாள்! எவ்வளவு நல்ல சாமான்! அடுத்த கணம், கொம்பு கொஞ்சம் நீளமாய்ப் பட்டது. மேலே கேள்வி வந்தால் இனி யார் மறுமொழி சொல்வது? அவளல்லவா சொல்லவேண்டும்.

“வடிவாய்த்தான் இருக்கு. ஆனால் கொம்பு...”

“கொம்புக்கு என்ன?”

“ஒண்டுமில்லை. குழு கூடவேணும். மேடம் பயிற்சிக்குப் போட்டா.” அவள் உறையை எடுத்துக் கணினியை மூடினாள். “இருங்கோ, கூப்பிடுறன்.”

ஜெரோசன் அவளையே பார்த்தான். பிறகு போய், ஒருவரும் சொல்லாமலே அந்த மூன்று கால் கதிரையைச் சுவரோடு சாத்திப்போட்டு உட்கார்ந்தான். மின்விசிறி சுற்றியது. மதியச் சாப்பாட்டுக்குப் பூட்டினார்கள், திறந்தார்கள். அவன் எழும்பி வந்தான்.

“அக்கா, நாளைக்கு வரட்டோ, இல்லாட்டி பிரான்சிலை இருந்து அனுப்பிவிடட்டோ?”

“ரெண்டும் செய்யலாம்” என்றாள் றெபேக்கா, கோப்பிலிருந்து தலை நிமிராமல். “அனுப்பிறதெண்டால் பதிவுத் தபாலிலை அனுப்புங்கோ. சும்மா தபால் இஞ்சை துலைஞ்சு போகும்.”

அவன் சத்தம் போடவில்லை, சாபம் போடவில்லை, விண்ணப்பத்தை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான். பொதுமக்கள் எல்லாரும் இந்தப் பெடியனைப் போல விளங்கி நடந்தால் கந்தோர் அலுவல் எவ்வளவு சுகமாய் நடக்கும் என்று நினைத்துக்கொண்டு, றெபேக்கா தேத்தண்ணிக்கு எழும்பினாள்.