முழுசு மாமாவும் பாதியில் நின்ற பால்குடமும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல ஆடி மாதங்களைத் தள்ளிவிட்டேன். எட்டாவதோடு படிப்பை முடித்துக்கொண்டு மந்தைவெளியில் மாவு மில் நடத்துகிறவன் நான். அரைக்கத் தெரியும், எழுதிப் பழக்கமில்லை. அதைவிடப் பெரிய பயம், ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிடுவேனோ என்பது. நான் சொல்லப்போகிற மனிதருக்கு எதையும் பாதியில் விட்டால் ஆகாது. போன வெள்ளிக்கிழமை அம்மன் சன்னதியில் நின்று பூ கேட்டேன். வலதுபக்கத்துப் பூ விழுந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

மயிலாப்பூர்க் குளத்தைச் சுற்றி எத்தனையோ பேர் எத்தனையோ விற்கிறார்கள். ஆனால் வாங்க வந்தவரை இந்தப் பாடு படுத்திவிட்டு விற்கிற வியாபாரி, கபாலி அங்கே குடியேறிய நாளிலிருந்து இவர் ஒருவர்தான். மாட வீதியில் வளையல் கடைக்குப் பக்கத்தில் அவருடைய பாட்டுக் கடை. உள்ளே ஒருவர் திரும்ப வேண்டுமென்றால் இன்னொருவர் வெளியே போக வேண்டும். தரையிலிருந்து கூரை வரை கேசட்டும் சிடியும். சொந்தப் பெயர் என்னவோ, எங்களுக்கெல்லாம் அவர் ‘முழுசு மாமா’.

காரணம், கடையின் சட்டம். எதை வாங்கினாலும் அங்கேயே நின்று முழுசாகக் கேட்ட பிறகுதான் விற்பார். “புடவையைப் பிரிச்சுப் பாக்காம வாங்குவேளா? இதையும் முந்தானை வரைக்கும் பாருங்கோ” என்பார். அடையாறில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பையன் ஒருவன், அப்பாவின் பிறந்தநாளுக்கு ஒரு சிடி வாங்க ஆபீஸ் போகிற வழியில் வண்டியை நிறுத்தினான். ராகம் ஆரம்பித்தது. பையன் பணத்தை எடுத்தான். “ராகமே முடியல, அதுக்குள்ள பையில கை போனா எப்படி?” என்றார். ராகம் முடிந்தது, பாட்டு முடிந்தது, தனியாக மிருதங்கம் வாசித்து அதுவும் முடிந்தது. வெளியே வந்தபோது அவனுடைய வண்டியைப் போலீஸ் தூக்கிக்கொண்டு போயிருந்தது. “நல்ல தனி ஆவர்த்தனம்பா. வண்டி போனா இன்னொண்ணு வாங்கிக்கலாம்” என்று வாசல் வரை வந்து ஆறுதல் சொன்னார்.

கல்யாணமாகாதவருக்குத் தாலாட்டு விற்கமாட்டார். “மொதல்ல தொட்டில் வாங்குங்கோ, அப்புறம் வாங்கோ” என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஏழு மணிக்கு மேல் எழுந்திருக்கிறவருக்குப் பள்ளியெழுச்சி கிடையாது. “சாமி எழுந்து குளிச்சுச் சாப்பிட்டாச்சு. இனிமே நீங்க யாரை எழுப்பப் போறேள்?”

எல்லாவற்றையும்விடக் கொடுமை அவருடைய பிராயச்சித்தம். தி.நகர் நடைபாதையிலோ வேறெங்கோ மலிவாகப் பாட்டு வாங்கியவர் என்று தெரிந்தால், கோயில் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தால்தான் கடைக்குள் கால் வைக்கலாம். எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவரே கேட்பார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல வராது. குளத்தைச் சுற்றி வேகமாக நடக்கிறவர்களில் பாதிப் பேர் சர்க்கரைக்காரர்கள், மீதிப் பேர் முழுசு மாமாவின் வாடிக்கையாளர்கள் என்று பூக்காரம்மா சொல்லுவாள்.

எங்கள் வீட்டுக்கும் அந்தக் கதி வந்தது. என் மனைவி கனகா ரங்கநாதன் தெருவில் ஊக்கு வாங்கப் போனவள், ஊக்கு விலையில் ஆயிரம் பக்திப் பாட்டு என்று ஒரு பென் டிரைவும் வாங்கி வந்தாள். வெள்ளிக்கிழமை கடைப்பக்கம் போனபோது நானே மாமாவிடம் சொல்லித் தொலைத்தேன்.

“ஆயிரம் பாட்டா? அதுல ஒண்ணாவது முடியறதா, மில்காரரே?”

“இல்ல சாமி. எல்லாம் பாதில நிக்குது.”

“அப்போ அது பாட்டில்லை. வாசப்படி வரைக்கும் வந்துட்டு, செருப்பைக் கழட்டாமலே திரும்பிப் போற விருந்தாளி. நீர் குளத்தைச் சுத்திட்டு வாரும்.”

எனக்கும் ரோஷம் வந்தது. சுற்றாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அதன்பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

அந்த ஆடியில்தான் பால்குடம் வந்தது. எங்கள் மகளுக்குப் பிரசவம் சிக்கலாக இருந்த நேரத்தில் கனகா அம்மனிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீடு வந்தால், தெருமுனையிலிருந்து சன்னதி வரை அம்மன் பாட்டு அறுபடாமல் ஒலிக்க, பால்குடம் எடுத்து வருவதாக. அம்மன் தன் பங்கைச் செய்துவிட்டாள். பேரன் வீட்டில் கத்திக்கொண்டிருந்தான். இனி எங்கள் பங்கு.

ஆடி வெள்ளி. பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் அபிஷேகம் முடிய வேண்டும். மைக் செட் தாஸ் தன் போனை ஸ்பீக்கரில் சொருகிப் பாட்டைப் போட்டான். கனகா முன்னால், மஞ்சள் சேலையில் மற்றப் பெண்கள் பின்னால். ரேஷன் கடையைத் தாண்டும்போது பாட்டு சட்டென்று நின்றது. தெரு முழுக்க ஒரு பெண் குரல் குழைந்து கேட்டது: “உங்கள் கழிவறையில் மஞ்சள் கறையா?”

கனகா நின்றாள். “இன்னாடா தாஸு இது?”

“ஃப்ரீ ஆப்புக்கா. நடுவுல விளம்பரம் வரத்தான் செய்யும். நீ நடந்துகினே இரு.”

“பாட்டு அறுந்துபோச்சு. வேண்டுதலும் அறுந்துபோச்சு. எல்லாரும் திரும்புங்க.”

எல்லோரும் தெருமுனைக்குத் திரும்பினார்கள். இரண்டாம் தடவை இஸ்திரி வண்டி வரை வந்தபோது வீட்டுக் கடன் தருவதாக ஒருவர் கூப்பிட்டார். மறுபடி தெருமுனை. என்னுடைய பென் டிரைவைப் போட்டார்கள். அது இஸ்திரி வண்டிவரைகூட வரவில்லை. நாலாவது தடவை மூட்டுவலித் தைலம். அதற்குள் பின்வரிசையில் இருந்த வயதான அம்மாக்கள், அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பால் திரிந்துவிடுமோ என்று நான் குடத்தையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கனகா குடத்தை இறக்க மறுத்துவிட்டாள். என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னாள்: “யோவ், நீ அந்த ஐயர் கடைக்குப் போ.”

மொபெட்டை எடுத்துக்கொண்டு பறந்தேன். மாமா சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார்.

“சாமி, ஒரு அம்மன் பாட்டு குடுங்க. பொண்டாட்டி தலையில குடத்தோட நடுத்தெருவுல நிக்கிறா.”

நிதானமாக ஒரு கேசட்டை எடுத்து டேப்பில் போட்டார். “கேளும்.”

“இங்க நின்னு கேட்டுகினு இருந்தா அங்க ராகுகாலம் வந்துரும், சாமி.”

“கேக்காம விக்கமாட்டேன். உமக்குத் தெரியும்.”

நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கமில்லாமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிரசவம், வேண்டுதல், கழிவறை எல்லாவற்றையும் வரிசை மாற்றிச் சொன்னேன். மாமா டேப்பை நிறுத்தினார். பாட்டு நடுவில் அவர் கை அந்தப் பட்டனை அமுக்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு டேப்பைத் தன் அங்கவஸ்திரத்தில் குழந்தையைச் சுற்றுவதுபோல் சுற்றினார்.

“கடையில நின்னு கேக்க உமக்கு நேரமில்லை. சரி, கேக்கற எடத்துக்குக் கடை வரட்டும். ஷட்டரை இழும்.”

அவர் பின்னால் உட்கார்ந்து டேப்பை மடியில் வைத்துக்கொண்டார். மந்தைவெளிப் பக்கம் வண்டியைத் திருப்பினேன். தோளில் ஒரு தட்டு.

“குளத்தைச் சுத்திண்டு போம்.”

“சாமி, ராகுகாலம்.”

“பென் டிரைவ், மில்காரரே.”

சுற்றினேன். ஆடி வெள்ளிக் கூட்டத்தில் நாலு மாட வீதியையும் ஹாரன் அடித்துக்கொண்டே சுற்றினேன். பின்னாலிருந்து, “இப்போ சுத்தமாயிட்டீர்” என்று குரல் வந்த பிறகுதான் எங்கள் தெருப் பக்கம் திரும்ப முடிந்தது.

தாஸின் மைக்கை டேப்புக்கு முன்னால் பிடித்துக்கொண்டு மாமா பட்டனை அமுக்கினார். ங்ஙொய் என்று ஒரு சத்தம் வந்தது. நிற்காமல் வந்துகொண்டே இருந்தது.

“ரிப்பேரா நைனா?” என்றான் தாஸ்.

“தம்புரா. வாயை மூடிண்டு கேளு.”

பாட்டு வந்தது. கனகா நடந்தாள். ரேஷன் கடை தாண்டியது, இஸ்திரி வண்டி தாண்டியது, சன்னதியும் வந்துவிட்டது, பாட்டு முடியவில்லை. தாஸின் போனில் இருந்தது அதே பாட்டின் வெட்டிய பிரதி. முழுப் பாட்டு எங்கள் தெருவைவிட நீளம்.

பூசாரி கையை நீட்டினார். “வாம்மா, குடத்தைக் குடு. மணி ஆவுது.”

“பாட்டு முடியட்டும், சாமி.”

“ஓட்டிவுடு நைனா, கடைசிக்குப் போயிரலாம்” என்றான் தாஸ்.

மாமா அவனைப் பார்த்தார். கனகாவும் அவனைப் பார்த்தாள். தாஸ் ஸ்பீக்கருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான்.

பெண்கள் கோயிலைச் சுற்றத் தொடங்கினார்கள். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. தெருவில் ஆட்டோக்கள்கூட எஞ்சினை அணைத்துவிட்டு நின்றன. கடைசி அடி வந்தது, மங்களம் வந்தது. கனகா குடத்தை இறக்கினாள். கரகரவென்று டேப் ஓடி அடங்கியபோது அம்மன் தலையில் பால் வழிந்துகொண்டிருந்தது. பால் திரியவில்லை. பத்தரை ஆகவில்லை.

முழுசு மாமாதான் முதலில் வாயைத் திறந்தார்.

“எல்லாரும் முழுசாக் கேட்டாச்சு. இப்போ சொல்லுங்கோ. வேணுமா, வேண்டாமா?”

தெருவே கடைக்குப் போய் வாங்கியது. டேப் இல்லாத வீடும் அதை மாமாவிடம் சொல்லாமலே வாங்கியது. பூசாரி வாங்கினார். தாஸ்கூட வாங்கினான், ஆனால் முதலில் குளத்தைச் சுற்றிவிட்டு வர வேண்டியிருந்தது.

இன்றைக்கும் வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தக் கடைக்குப் போகிறேன். நின்று முழுசாகக் கேட்டு, ஒன்று வாங்கி வந்து சாமி அலமாரியில் வைக்கிறேன். போனில் சும்மாவே கிடைக்கிறதே என்று மருமகன் கேட்கிறார். கிடைக்கிறதுதான். போன் என்றைக்காவது மொபெட்டில் பின்னால் ஏறி நம் வீட்டுக் காரியத்துக்கு வந்திருக்கிறதா?

படித்தவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது அப்படியே சொல்லுங்கள். எதையும் வெட்டாதீர்கள், ஓட்டிவிடாதீர்கள், தம்புராவையும் விடாதீர்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டு டேப் பழுதாகி இரண்டு வருஷமாகிறது. மாமாவின் கடையில் நின்றுகொண்டு மட்டும் இந்தக் கதையைச் சொல்லாதீர்கள். வாங்கிப் போய்க் கேட்காமலே அலமாரியில் வைக்கிறேன் என்று தெரிந்தால் எனக்கு விற்பதை நிறுத்திவிடுவார். அப்புறம் வெள்ளிக்கிழமைகளில் நான் எங்கே போவேன்?